கல்லூரிக்கு எழுத்தாளரை அழைப்பது: வலிக்கும் வரலாற்றை எழுதிப் பழக ஒரு நாள்

ஐந்து வருடங்களுக்கு முன் எங்கள் தமிழ்த் துறை முதன்முறையாக ஓர் எழுத்தாளரை அழைத்தது. சிலோனிலிருந்து வந்த குடும்பம் அவருடையது. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, லயம் என்றும் சொல்வார்கள்) வளர்ந்து, அந்த வாழ்க்கையைக் கதைகளாக எழுதுகிறவர். அழைப்பிதழை நான்தான் எழுதினேன். தலைப்பில் ‘இலங்கை அகதிகள்’ என்று போட்டேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு மாணவியின் அப்பா துறைக்கு வந்தார். பந்தலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலை செய்கிறவர். அழைப்பிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “மேடம், நாங்க அகதி இல்லைங்க. பாஸ்போர்ட்டோட கப்பல்ல வந்தவங்க. அப்ப எனக்கு ஆறு வயசு” என்றார். கோபம் எதுவும் இல்லை. கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டுகிறவர் போலச் சொன்னார். நான் துறையூர்ப் பக்கத்துக்காரி, மலைக்கு வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. அத்தனை வருடமும் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தும் எனக்கு அந்த வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள் அகதிகள். இவர்கள் இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின்படி பெயர் பதிந்து அனுப்பப்பட்டவர்கள். இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

அழைப்பிதழைத் திருத்தி மறுபடி அச்சடித்தோம். அதற்கு அப்புறம் நான்கு முறை இந்த நிகழ்ச்சியை நடத்திவிட்டோம். காலையில் எழுத்தாளரின் வாசிப்பு, பிறகு மாணவர்களுக்கு எழுத்துப் பட்டறை, எல்லாம் ஒரே நாளில். மற்ற கல்லூரிகளிலிருந்து நண்பர்கள் எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் வரலாறு வேறாக இருக்கும். அணை கட்ட ஊரைக் காலி செய்தவர்கள் இருக்கலாம், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் பேரன்கள் இருக்கலாம், புயலில் ஊரையே இழந்தவர்கள் இருக்கலாம். ஒன்று மட்டும் எல்லா ஊருக்கும் பொருந்தும்: அந்த வரலாற்றுக்குச் சொந்தக்காரர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் இருப்பவரை விட அவர்களை நினைத்துத்தான் எல்லா ஏற்பாடும் நடக்க வேண்டும்.

யாரை அழைப்பது

பெரிய பெயரைத் தேடாதீர்கள். அந்த வரலாற்றைப் பற்றி எழுதியவராக இருந்தால் மட்டும் போதாது, இருபது பிள்ளைகள் படிப்பதைப் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிறவராக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, தொலைபேசியில் அரை மணி நேரம் பேசுவது. நீங்கள் பேசும்போது அவர் உங்கள் மாணவர்களைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறாரா என்று பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்தவர் கேட்ட கேள்வி: “உங்க வகுப்புல எத்தனை பேரு எங்க ஆளுங்க?” சரி, இவர்தான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அவருடைய புத்தகம் ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டுப் பேசுங்கள். பிறகு ஒரு கடிதம் அனுப்புங்கள். மின்னஞ்சல் போதும். நாள், நேரம், எத்தனை மாணவர்கள், எந்தப் பகுதியை வாசிக்கலாம், பட்டறை எத்தனை மணி நேரம், தங்குமிடம், போக்குவரத்து, மதிப்பூதியம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மதிப்பூதியத்தைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். நாங்கள் முதல் வருடம் 5,000 ரூபாய் கொடுத்தோம், பயணச் செலவு தனி. தொகையைக் கடிதத்திலேயே எழுதி, அவர் ஊருக்குக் கிளம்பும் முன் கையில் கொடுத்துவிட்டோம். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஒதுக்கிய பணத்தில் அவருடைய புத்தகங்களில் பத்துப் படி வாங்கி நூலகத்தில் வைத்தோம். அவை இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

நாள் குறிப்பதற்கு முன் மழையைப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதே பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்தால் கீழேயிருந்து வரும் எழுத்தாளர் மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடுவார். நாங்கள் பிப்ரவரியில் வைக்கிறோம். பஸ்ஸையும் பாருங்கள். எஸ்டேட்டுக்குப் போகும் கடைசி பஸ் 4.15-க்கு என்றால் நிகழ்ச்சி 3.30-க்கு முடிந்தாக வேண்டும். வாழ்த்துரைகள் நீண்டு பட்டறை நேரம் குறைந்தால், அந்த பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளைகள்தான் எழுத முடியாமல் போகிறார்கள். விடுதியில் இருப்பவர்களுக்கு எப்படியும் நேரம் கிடைத்துவிடும்.

இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

மூன்று வகுப்புகளை இதற்கு ஒதுக்குங்கள். முதல் வகுப்பில் ஒரு பக்கக் காலவரிசை கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் இருப்பவை இவ்வளவுதான்:

காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகப் போனவர்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், அதனால் நாடற்றவர்களாகிப்போன சுமார் ஏழு லட்சம் தோட்டத் தமிழர்கள். 1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக்கினார்கள். 1984-ல் போர் காரணமாகத் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வந்த கப்பல் நின்றது. நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுத்தது. பின்னாளில் அதுவே டேன்டீ ஆனது.

இந்தப் பக்கத்தை விளக்காதீர்கள். “இந்த எண்களில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாணவன் 1,50,000 என்ற எண்ணை வட்டமிட்டு, “எங்க தாத்தா இதுல இருந்தாரு. அவரு தம்பி அந்தப் பக்கம்” என்றான். ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தம்பியும் தனித்தனியாக மனுப்போட்டு, ஒருவர் இந்தியர், ஒருவர் இலங்கையர் ஆகியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் என்னிடம் எண்களுக்கு விளக்கம் கேட்கவில்லை.

இரண்டாம் வகுப்பில் எழுத்தாளரின் ஒரு சிறுகதையைச் சத்தமாகப் படியுங்கள். முன்னால் படிக்காதவர்கள் இருக்கும் அரங்கில் எந்த எழுத்தாளருக்கும் பேச்சு வராது.

மூன்றாம் வகுப்புதான் முக்கியம். அதில் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, தன் வீட்டுக் கதையை எழுத வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. வேறு எதையும் எழுதலாம், எழுதாமல் உட்கார்ந்து கேட்கலாம், மதிப்பெண் கிடையாது. இரண்டாவது, வீட்டுக் கதையை எழுத விரும்பினால் வீட்டில் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டு வர வேண்டும். இதை எழுதட்டுமா? உங்கள் பெயரைப் போடட்டுமா, மாற்றட்டுமா? இதை யாரெல்லாம் படிக்கலாம்? பாட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும். “பெயரை மாற்றிட்டு எழுதுறேனே” என்று ஒரு பையன் என்னிடம் வாதாடினான். சின்ன எஸ்டேட்டில் பெயரை மாற்றினாலும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தப் பாட்டி அங்கேதான் ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும்.

வீட்டுக் கதை எழுதுகிறவர்கள் ஒரு பொருளைக் கொண்டுவரலாம் என்றும் சொல்லுங்கள். எழுத்தாளர் எங்களிடம் கேட்டுக்கொண்டது இது. தகரப் பெட்டி, கம்பளி, கொழுந்து கிள்ளும்போது இடுப்பில் கட்டும் படங்கு, இந்தியாவுக்கு அனுப்பும்போது கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, எதுவானாலும் சரி. மூலப் பத்திரங்களை மட்டும் கொண்டுவர வேண்டாம், நகல் போதும் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். சாதிச் சான்றிதழுக்காக இன்றும் அலுவலகப் படி ஏறி இறங்கும் குடும்பங்களுக்கு அந்த அட்டைதான் ஒரே சாட்சி. மழையில் நனைந்தாலோ பஸ்ஸில் தவறினாலோ ஈடு செய்யவே முடியாது.

காலை: வாசிப்பு

வரவேற்புரை மூன்று நிமிடம், முதல்வர் பேச்சு ஐந்து நிமிடம், அவ்வளவுதான். இதை முதல்வரிடம் ஒரு வாரம் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள். நல்லபடியாகச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். எழுத்தாளரை நிற்க வைக்காதீர்கள். மேசை, நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர், நன்றாக வேலை செய்யும் மைக் இருந்தால் போதும். மைக்கை முந்தின நாளே கடைசி வரிசையில் உட்கார்ந்து சோதித்துப் பாருங்கள். நம் பிள்ளைகளில் கூச்சமுள்ளவர்கள் அங்கேதான் உட்காருவார்கள்.

நாற்பது நிமிடம் வாசித்தால் போதும். எதை வாசிப்பது என்பது எழுத்தாளரின் உரிமை. ஆனால் கடினமான பகுதி எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாவு, அடி, பெண்களுக்கு நடந்த கொடுமை போன்றவை வரப்போகிறது என்றால், வாசிப்பதற்கு முன் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். வெளியே போக நினைப்பவர் யாரிடமும் கேட்காமல் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் எழுத்தாளர் கப்பல் ஏறும் பகுதியை வாசித்தார். இலங்கை மலைநாட்டில் ரயிலைக் கோச்சி என்பார்கள். சொந்தங்கள் வழியனுப்பக் கூடி ஒப்பாரி வைத்து அழுததால் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்துவிட்டது. அதை அவர் வாசித்து முடித்ததும் நான் மைக்கை எடுத்து நன்றி சொல்லப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். அந்த ஒரு நிமிடத்தை இப்போது நாங்கள் நிகழ்ச்சி நிரலிலேயே எழுதி வைக்கிறோம்.

கேள்வி நேரத்தை மாணவர்களுக்கு மட்டும் கொடுங்கள். ஆசிரியர்கள் எழுந்தால் கேள்வி கேட்பதற்குப் பதில் உரையாற்றத் தொடங்கிவிடுகிறோம், நானும் அதைச் செய்திருக்கிறேன். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினால் எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறவர்களின் கேள்வியும் வந்து சேரும். முதல் வருடம் வந்த சீட்டுகளில் ஒன்று: ‘எங்க ஊர்ல எங்களை இன்னும் சிலோன்காரன்னுதான் சொல்றாங்க. அங்க இருந்தப்ப இந்தியாக்காரன்னு சொன்னாங்களாம். நாங்க யாருன்னு எழுதுறது?’ எழுத்தாளர் அதற்குப் பதில் சொல்லவில்லை. “இந்தக் கேள்வியை எடுத்துட்டுப் பட்டறைக்கு வாங்க” என்றார்.

பட்டறை

இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். வட்டமாக உட்கார வையுங்கள். கைப்பேசிகள் எல்லாம் ஒரு கூடையில் போய்விட வேண்டும். புகைப்படம் எடுக்கத் துறையில் ஒருவர் மட்டும், அதுவும் முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டு வெளியேறிவிட வேண்டும். செய்தியாளரைப் பட்டறைக்குள் விடாதீர்கள். வேண்டுமானால் காலை நிகழ்ச்சியைப் பற்றி எழுதட்டும்.

முதல் பயிற்சி, கொண்டுவந்த பொருளைப் பற்றிப் பத்து நிமிடம் எழுதுவது. ஒரே நிபந்தனை: வலி, துயரம், கண்ணீர், வேர் ஆகிய நான்கு சொற்களும் வரக் கூடாது. பிள்ளைகள் முதலில் திணறுவார்கள். மேடைப் பேச்சிலும் கவிதைப் போட்டியிலும் இந்தச் சொற்களைத்தான் நாம் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறோம். அவை இல்லாமல் எழுதும்போதுதான் பொருள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மாணவி தகரப் பெட்டியைப் பற்றி எழுதினாள். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சினிமாப் படத்தை யாரோ பாதி கிழித்திருக்கிறார்கள். கிழித்த இடத்தில் பாட்டியின் கையெழுத்தில் சிறுசிறு கோடுகள், ஐந்து ஐந்தாக. கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் காத்திருந்த நாட்களின் கணக்கு அது. அதைப் படித்தபோது நாற்பத்தொரு கோடு என்று மட்டும்தான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வரியும் தேவைப்படவில்லை.

இரண்டாவது, வழி வரைதல். சார்ட் தாளில் குடும்பம் வந்த பாதையை வரைய வேண்டும். தோட்டம், ஹட்டன் அல்லது கண்டி, தலைமன்னார், ராமேஸ்வரம், மண்டபம், பிறகு இங்கே. தெரிந்த இடத்துக்கு முழுக்கோடு, தெரியாத இடத்துக்குப் புள்ளிக்கோடு. பெரும்பாலும் மண்டபத்துக்குப் பிறகுதான் புள்ளிகள் வருகின்றன. முகாமிலிருந்து ஒருவர் தேயிலைக்கு, ஒருவர் நூற்பாலைக்கு, ஒருவர் கடன் வாங்கிக் கடை வைக்க என்று பிரிந்து போயிருக்கிறார்கள். அந்தப் பாதையில் கேரளத்து ரப்பர் தோட்டம் வரைக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. புள்ளிக்கோடு எங்கே வருகிறதோ அங்கே வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். நிறையக் கேள்விகளோடு போனால் பாட்டிக்கு அது விசாரணை போல ஆகிவிடும்.

மூன்றாவது பயிற்சிக்கு நிறைய நேரம் கொடுங்கள். நினைவும் பதிவும் மோதும் இடம் அது. ஒரு மாணவி எழுதியிருந்தாள்: பாட்டி 1971-ல் தனுஷ்கோடியில் வந்து இறங்கினாள். வரலாற்றுத் துறை மாணவன் ஒருவன் உடனே, தப்பு என்றான். அவன் சொன்னது சரிதான். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடித் துறைமுகமும் ரயில் பாதையும் போய்விட்டன. அதற்குப் பிறகு கப்பல்கள் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தன. அந்தப் பெண் முகம் சிவந்து, தனுஷ்கோடியை அடித்துவிட்டு ராமேஸ்வரம் என்று எழுதப் போனாள்.

எழுத்தாளர் அடிக்க வேண்டாம் என்றார். “பாட்டி பொய் சொல்லல. புயலும் பொய் இல்ல. பாட்டி ஏன் தனுஷ்கோடின்னு சொல்றாங்கன்னு போய்க் கேட்டுட்டு வா.” அடுத்த வாரம் அவள் கேட்டுவிட்டு வந்தாள். பாட்டியின் அப்பா சின்னப் பையனாகச் சிலோனுக்குக் கப்பல் ஏறியது தனுஷ்கோடியில். ஊர் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால் அவர் தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் என்பாராம். அந்த வீட்டில் இந்தியாவுக்கே தனுஷ்கோடி என்றுதான் பெயர். மாணவி கடைசியில் இப்படி எழுதினாள்: ‘கப்பல் ராமேஸ்வரத்தில் நின்றது. பாட்டி தனுஷ்கோடியில் இறங்கினாள்.’ பதினெட்டு வயதுப் பிள்ளை எழுதிய இந்த இரண்டு வரிகளை இன்று வரை என் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் நடத்தும்போதும் இப்படி ஒரு மோதல் கட்டாயம் வரும். ஆவணத்தை வைத்துப் பாட்டியின் வாயை அடைக்காதீர்கள், பாட்டிக்காக ஆவணத்தைத் தூக்கியும் போடாதீர்கள்.

அப்புறம் சொற்பயிற்சி. அரசாங்கம் இவர்களைத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதுகிறது. அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, யார் திரும்பினார்கள் என்று கேளுங்கள். அங்கேயே மூன்று தலைமுறையாகப் பிறந்து வளர்ந்தவர்கள், இந்தப் பக்கத்தை ஒரு நாளும் பார்த்திராதவர்கள், எங்கே திரும்ப முடியும்? பிறகு வீட்டில் புழங்கும் சொற்களைச் சேகரிக்கச் சொல்லுங்கள். லயம், பெரட்டு, கோச்சி, கொழுந்து, துரை, தவறணை. பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் இடம். கதையில் இந்தச் சொற்களுக்கு அடிக்குறிப்பு போட வேண்டாம் என்பது என் கருத்து. வாக்கியத்திலேயே பொருள் புரியும்படி எழுதப் பழகட்டும். வீட்டுச் சொல்லைத் தப்புத் தமிழ் என்று நினைத்துத் திருத்திக்கொண்ட பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். அதில் எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

இனி, நான் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள். இரண்டாம் வருடம் ஒரு பையன் எழுந்து, “எங்க கொள்ளுத் தாத்தா கங்காணி. ஆளுங்களை அடிச்சிருக்காரு. நான் என்ன எழுதுறது?” என்றான். ஆள் பிடித்துக் கூட்டிப்போனதும், சம்பளத்தில் கடனைப் பிடித்ததும் கங்காணிகள்தான். அவன் பக்கத்திலேயே அடி வாங்கிய குடும்பத்துப் பிள்ளை இருந்தாள். எனக்குக் கை நடுங்கியது. எழுத்தாளர் நிதானமாகச் சொன்னார்: “அதையே எழுது. மன்னிப்புக் கேட்காத, வக்காலத்தும் வாங்காத. அவரு கையில என்ன இருந்துச்சு, காலையில என்ன சாப்பிட்டாரு, அதுல இருந்து தொடங்கு.” அவன் கங்காணியின் கோட்டைப் பற்றி எழுதினான். மே மாத வெயிலிலும் அவர் கழற்றாத கறுப்புக் கோட்டு அது.

மற்றொன்று அதை விடக் கனமானது. கூடலூர்ப் பக்கத்துப் பணியர் பழங்குடிச் சமூகத்து மாணவி ஒருத்தி பட்டறையில் இருந்தாள். இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க எல்லாம் வர்றதுக்கு முன்னாடி அங்க காடு இருந்துச்சு” என்றாள். உண்மைதான். வனத்துறை நிலத்தில் காட்டை வெட்டித்தான் அந்தத் தேயிலையை நட்டார்கள். இடம் இல்லாதவர்களுக்கு இடம் கொடுத்தபோது இன்னொருவரின் காடு போயிருக்கிறது. என் காலவரிசைக் கைத்தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த வருடத்திலிருந்து சேர்த்துவிட்டேன். உங்கள் கைத்தாளைத் தயாரித்ததும் அதில் யார் இல்லை என்று பார்த்து, அவர்களில் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள்.

யாராவது அழுதால்

கட்டாயம் அழுவார்கள். பக்கத்து அறை ஒன்றைத் திறந்து வையுங்கள். அங்கே பாயும் தண்ணீரும் இருக்கட்டும், மாணவர்கள் நம்பும் ஓர் ஆசிரியை அந்த நாள் முழுவதும் அங்கேயே இருக்கட்டும். அழுகிற பிள்ளையைச் சுற்றிக் கூட்டம் கூட விடாதீர்கள். ‘அழாதே’ என்று சொல்லாதீர்கள். ‘உன் கதை எல்லாருக்கும் தெரியணும்’ என்று மேலும் படிக்கத் தூண்டவும் கூடாது. தாளை மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாமா என்று கேட்டால் போதும். அடுத்த நாள் வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், தனியாகப் பார்க்கும்போது ஒரு வார்த்தை விசாரியுங்கள். எழுத்தாளரும் களைத்துப் போயிருப்பார். இரவில் பாராட்டு விருந்து வைக்காமல் அவரைத் தூங்க விடுங்கள்.

பட்டறைக்குப் பிறகு

எழுதியவை மாணவர்களுடையவை. துறை அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, தர மதிப்பீட்டுக் கோப்பில் சான்றாகச் செருகக் கூடாது. கோப்புக்கு வருகைப் பதிவேடும் புகைப்படமும் போதும். வாட்ஸ்அப் நிலைத்தகவலில் குடும்ப அட்டையின் படத்தைப் போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதில் பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கூடுங்கள், எழுத்தாளர் இல்லாமல். வீட்டில் கேட்ட அந்த ஒற்றைக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று அப்போது பேசலாம். சிலருக்குப் பதில் கிடைத்திருக்காது. அதையும் எழுதச் சொல்லுங்கள்: கேள்வி கேட்டதும் தாத்தா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார் என்று. என் மாணவன் ஒருவனின் மொத்தக் கட்டுரையும் அந்த மாட்டைப் பற்றித்தான். இந்தச் சந்திப்பில்தான் ஒரு பெண் தன் பாட்டியின் அட்டை நகலை என்னிடம் காட்டினாள். பூர்வீகம் என்ற இடத்தில் துறையூர்த் தாலுகா என்று இருந்தது. என் ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிராமம். அந்தப் பாட்டியின் தாத்தாவும் என் கொள்ளுத் தாத்தாவும் ஒரே சந்தையில் மாடு பார்த்திருக்கலாம். அவர்கள் போனார்கள், நாங்கள் இருந்துவிட்டோம்.

தொகுப்பாக அச்சிட நினைத்தால் முதலில் வீட்டில் படித்துக் காட்ட வேண்டும். கணினியில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு படி கொடுத்து அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக வையுங்கள், வரிகளுக்கு நடுவில் இடம் விடுங்கள், ஓரத்தில் இரண்டு அங்குலமாவது காலியாக இருக்கட்டும். வீட்டில் படித்தவர்கள் அங்கே எழுதுவார்கள், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். கோடுகளை எண்ணிய அந்த மாணவியின் தாள் திரும்பி வந்தபோது, நாற்பத்தொன்று என்ற இடத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது: ‘பாட்டி சொன்னது: கடைசி மூணு கோடு நான் போடல, உங்க தாத்தா போட்டது. எனக்கு அப்ப காய்ச்சல்.’